பழைய இயந்திரத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

(எமது வானொலியின் மாதாந்த உரை நேரத்தில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



நிலையத்துத் தம்பி ஒருவர் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, "அண்ணை, உங்கடை கராஜிலை பழைய படங்களைக் கொம்பியூட்டருக்குள்ளை ஏத்திற பெரிய மெசின் ஒண்டு இருக்காம். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதையுங்கோவன்" என்று கேட்டார். "தம்பி, அது ஒரு பழைய ஸ்கானர். அதைப் பற்றிக் கேட்க ஆர் இருக்கினம்?" என்றேன். "வீட்டிலை பழைய நெகட்டிவ் வைச்சிருக்கிற எல்லாரும் கேட்பினம்" என்றார். அவர் சொன்னது சரி என்று பட்டது. அதனால்தான் இன்று வந்திருக்கிறேன்.

நான் 1989இல் மெல்பேணுக்கு வந்தேன். வந்து இரண்டாம் வருடம், அச்சுக்குப் படங்களை ஆயத்தம் செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கடைகளின் விளம்பரப் புத்தகங்கள், நாட்காட்டிகள், சுற்றுலாப் புத்தகங்கள் எல்லாம் அங்கே வரும். என்னை விட்ட இடம் ஸ்கானர் அறை. யன்னல் இல்லாத, குளிரூட்டிய சின்ன அறை. அதற்குள் இருந்ததுதான் டிரம் ஸ்கானர். தமிழில் உருளை ஸ்கானர் என்று சொல்லலாம். இவற்றில் பெரியவற்றின் விலைக்கு அந்தக் காலத்தில் ஒரு வீடு வாங்கலாம் என்று எங்கள் முதலாளி அடிக்கடி நினைவூட்டுவார். அதனால் அதற்குக் கிட்டத் தேநீர்க் கோப்பையுடன் போக எங்களுக்கு அனுமதி இல்லை.

இன்று வீடுகளில் இருக்கும் ஸ்கானர் கண்ணாடித் தட்டில் படத்தை வைத்து மூடுகிற வகை. உருளை ஸ்கானர் அப்படி அல்ல. கண்ணாடி போலத் தெளிவான அக்ரிலிக் உருளை ஒன்றின் வெளிப்புறத்தில் நெகட்டிவ்வைச் சுற்றி ஒட்டுவோம். உருளை நிமிடத்துக்குப் பல நூறு தடவை சுழலும். சில இயந்திரங்களில் ஆயிரத்துக்கும் மேல். ஊசிமுனை அளவு ஒளி உருளையின் உள்ளிருந்து படத்தை ஊடுருவி வெளியே வரும். அதைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து மூன்று குழாய்கள் அளக்கும். ஒளிப்பெருக்கிக் குழாய் என்பது அவற்றின் பெயர். மிக மங்கலான ஒளியையும் பல இலட்சம் மடங்கு பெருக்கி மின்சாரமாக்கும் வெற்றிடக் குழாய்கள். உருளை ஒரு சுற்றுச் சுற்ற, படத்தில் ஒரு கோடு வாசித்து முடியும். அடுத்த சுற்றுக்கு மயிரிழை அளவு தள்ளிப் போகும். நூல்கட்டையில் சுற்றிய நூலைத் தலைப்பில் இருந்து கடைசி வரை அவிழ்ப்பது போல, முழுப் படத்தையும் ஒரே நீள இழையாக வாசித்துவிடும்.

இது புதிய யோசனையும் அல்ல. உலகில் முதன்முதலாகக் கணினிக்குள் போன ஒளிப்படமே உருளையில் சுற்றித்தான் போனது. 1957இல் அமெரிக்காவின் தேசிய நியமங்கள் பணியகத்தில் வேலை செய்த ரசல் கேர்ஷ் என்பவர், தன் மூன்று மாதக் குழந்தையின் படத்தைச் சின்ன உருளை ஒன்றில் சுற்றிக் கணினிக்குக் கொடுத்தார். அந்தப் படத்தில் இருந்தது குறுக்கே 176 புள்ளி, நெடுக்கே 176 புள்ளி மட்டும். தகப்பன் ஒருவர் முதலில் தேடி எடுத்தது தன் பிள்ளையின் முகத்தைத்தான் என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

பிறகு டிஜிற்றல் கமெராக்கள் வந்தன. படச்சுருள் குறைந்தது. ஸ்கானர் அறைக்கு வேலை இல்லாமற் போனது. 2004இல் எங்கள் நிறுவனமும் மூடப்பட்டது. கடைசி வாரத்தில் முதலாளி, "உனக்கு வேண்டுமென்றால் சின்ன இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போ, இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போகும்" என்றார். மைத்துனரும் நானும் ஒரு வானில் ஏற்றிக் கொண்டுவந்து கராஜில் இறக்கினோம். மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் அதிகம் சொன்னது போல இருந்தது.

இயந்திரம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு முந்திய வருடம், 2003இல், சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்திருந்தபோது நான் ஊருக்குப் போயிருந்தேன். என் பெரியப்பா சுன்னாகத்தில் சின்ன ஸ்ரூடியோ ஒன்று வைத்திருந்தவர். 1984இல் அவர் காலமானதோடு ஸ்ரூடியோவும் பூட்டப்பட்டது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி நடந்தபோது, பெரியம்மா ஒரு கையில் உடுப்புப் பையும் மற்றக் கையில் ஒரு பிஸ்கற் ரின்னுமாகச் செம்மணி தாண்டிப் போனார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அலுமாரி இல்லை. அல்பங்கள் ஒன்றும் இல்லை. ரின் மட்டும் மிஞ்சியது, அவர் கையோடு போனபடியால். அதற்குள் பெரியப்பா எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் இருந்தன. அந்த ரின்னை என்னிடம் தந்து, "நீ படவேலை செய்யிறவன், கொண்டு போய்ப் பத்திரமாய் வை" என்றார்.

நேயர்களே, நான் பத்திரமாகத்தான் வைத்தேன். அதுதான் நான் செய்த பிழை. ரின் அலுமாரியில் இருந்தது, இயந்திரம் கராஜில் இருந்தது, நான் வேறு வேலையில் இருந்தேன். ஓய்வு கிடைக்கட்டும், பிள்ளைகள் படித்து முடிக்கட்டும் என்று பன்னிரண்டு வருடம் போய்விட்டது.

2016இல் ஒரு நாள் அலுமாரியை ஒதுக்கும்போது ரின்னைத் திறந்தேன். வினாகிரி மணம் முகத்தில் அடித்தது. படவேலை தெரிந்தவர்களுக்கு அந்த மணத்தின் அர்த்தம் தெரியும். பழைய படச்சுருளின் அடித்தளம் அசெற்றேற் என்ற பொருளால் ஆனது. சூட்டிலும் ஈரத்திலும் அது மெல்ல மெல்லச் சிதைந்து அசெற்றிக் அமிலத்தை வெளிவிடும். வினாகிரியில் இருப்பதும் அதே அமிலம்தான். ஒருமுறை தொடங்கினால், வந்த அமிலமே சிதைவை இன்னும் விரைவாக்கும். மூடிய ரின்னுக்குள் அமிலம் வெளியே போக வழியில்லை, பக்கத்தில் இருப்பவையும் கெட்டுப் போகும். படம் சுருங்கும், சுருளும், கடைசியில் உருவம் பதிந்த மேற்படலம் அடித்தளத்தை விட்டுக் கிளம்பிவிடும். எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினான்கு நெகட்டிவ்கள். அதில் முப்பத்தொன்றில் படலம் கிளம்பி, தொட்டாலே உதிரும் நிலை. மற்றவை சுருண்டு கிடந்தன.

முதலில் வீட்டு ஸ்கானரில் முயன்றேன். சுருண்ட நெகட்டிவ் அதில் மட்டமாகப் படுக்காது. ஒரு பக்கம் தெளிவாக வந்தால் மறு பக்கம் மங்கல். உருளையில் அந்தப் பிரச்சினை இல்லை. நெகட்டிவ்வை அதற்கென்று இருக்கும் மெல்லிய எண்ணெயில் நனைத்து, மேலே தெளிவான தாளால் இழுத்து ஒட்டினால், உருளையோடு சேர்ந்து படிந்துவிடும். எண்ணெய் கீறல்களுக்குள்ளும் இறங்கி அவற்றை மறைத்துவிடும். ஆகவே கராஜுக்குப் போய் இயந்திரத்தின் போர்வையை எடுத்தேன்.

இனித்தான் என் பேச்சின் முக்கியமான பகுதி.

இயந்திரம் எழும்பியது. விளக்கு எரிந்தது, உருளை சுழன்றது, பழைய சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. பிறகு மகளின் புதிய மடிக்கணினியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஸ்கானரின் முதுகில் கைவிரல் நீளத்தில், ஐம்பது முனை கொண்ட பெரிய வாய். மடிக்கணினியின் பக்கத்தில் யுஎஸ்பி என்ற சின்ன வாய்கள் இரண்டு. நெகட்டிவ் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, கணினி இருக்கிறது. ஒன்றோடு ஒன்று கதைக்கத்தான் வழி இல்லை.

அந்தப் பெரிய வாயின் பெயர் ஸ்கஸி. 1986இல் அமெரிக்க நியமமாக ஏற்கப்பட்ட இணைப்பு முறை. அதே வருடம் வந்த மக்கின்ரோஷ் பிளஸ் கணினியில் இருந்தே அப்பிள் நிறுவனம் அதைப் பாவித்தது. வன்தட்டு, ஸ்கானர், சீடி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கோர்க்கலாம் என்பதால் அச்சுத் தொழில் முழுக்க அதுதான் இருந்தது. பிறகு 1998இல் வந்த ஐமக் கணினியில் ஸ்கஸி இல்லை. 1999இல் வந்த நீல வெள்ளை நிற மக் கணினியிலும் கூடவே வரவில்லை. வாசலை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போனார்கள்.

"ஒரு மாற்றுச் செருகி வாங்கினால் சரிதானே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். யுஎஸ்பியில் இருந்து ஸ்கஸிக்கு மாற்றும் பெட்டி ஒன்றைப் பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் வாங்கினேன். காசு போனது. அந்தப் பெட்டிக்கு வன்தட்டோடு கதைக்கத் தெரியும், ஸ்கானரோடு கதைக்கத் தெரியாது. செருகியின் வடிவத்தை மாற்றுவது வேறு, பேசும் மொழியை மாற்றுவது வேறு. அதுமட்டுமல்ல, ஸ்கானரை ஓட்டும் மென்பொருள் மக் இயங்குதளம் 9இல் மட்டுமே ஓடும். அந்த இயங்குதளத்துக்கு 2002 மே மாதம் ஸ்ரீவ் ஜொப்ஸ் மேடையில் சவப்பெட்டி வைத்துச் செத்தவீடே நடத்திவிட்டார். அந்த மென்பொருளுக்குத் திறப்பு ஒன்றும் வேண்டும். கதவுத் திறப்பு அல்ல, கணினியில் செருகும் விரலளவுத் துண்டு. அது செருகியிராவிட்டால் மென்பொருள் வேலை செய்யாது. அதைச் செருகுவது விசைப்பலகைக்கென்று அந்தக் கால மக் கணினிகளில் இருந்த வட்ட வாயில். அந்த வாயும் இன்று இல்லை. போதாக்குறைக்கு, எங்கள் நிறுவனம் மூடிய அவசரத்தில் திறப்பும் தொலைந்து போயிருந்தது.

அந்த நாட்களில் ஒரு நாள் மாலை, எங்கள் வீட்டு விறாந்தையில் என் மாமியாரும் பேரனும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கு ஆங்கிலம் வராது. பேரனுக்குத் தமிழ் அரைகுறை. நடுவில் என் மகள் இருந்து, அம்மம்மா சொல்வதை இவனுக்கும், இவன் சொல்வதை அம்மம்மாவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு மூளையில் பட்டது. அம்மம்மாவை ஆங்கிலம் படிக்கச் சொல்வதும் வேண்டாம், பேரன் தமிழ் படிக்கும் வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். இரண்டும் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தால் போதும்.

அப்படி இரண்டும் தெரிந்த கணினி ஒன்று இருக்கிறது. 1997இல் இருந்து 1999 தொடக்கம் வரை அப்பிள் விற்ற, மங்கிய மண்ணிறப் பெட்டியில் வந்த ஜி3 மக் கணினி. அதில் ஸ்கஸி வாய் இருக்கிறது, திறப்புக்குரிய வட்ட வாய் இருக்கிறது, ஈதர்நெற் வலையமைப்பு வாயும் இருக்கிறது. முதல் இரண்டும் பழைய காலத்துப் பக்கம் திறக்கும் வாசல்கள். மூன்றாவது இன்றைய காலத்துப் பக்கம் திறக்கும் வாசல். எழுபது டொலருக்கு ஒன்று கிடைத்தது. உள்ளிருக்கும் சின்ன பற்றறி செத்துப் போயிருந்தபடியால், போட்டவுடன் திகதி பல பத்தாண்டுகள் பின்னுக்குக் காட்டியது. 3.6 வோல்ற் பற்றறி ஒன்று மாற்ற அது சரியானது.

திறப்புக்காக எங்கள் பழைய நிறுவனத்தில் இயந்திரங்களைப் பழுது பார்த்த இத்தாலிய மனிதரைத் தேடிப் பிடித்தேன். எண்பது வயதை நெருங்கியிருந்தார். தன் கொட்டிலில் திருகாணி போட்டு வைத்த போத்தலைக் கொட்டி, அதற்குள் இருந்து திறப்பை எடுத்துத் தந்தார். "இது எதற்கென்று எனக்கே மறந்துவிட்டது. ஆனாலும் எறிய மனம் வரவில்லை" என்றார். எங்கள் ஊர்க் கிழவர்களுக்கும் இத்தாலியக் கிழவர்களுக்கும் இந்த விடயத்தில் வித்தியாசம் இல்லை.

எல்லாம் தொடுத்தேன். ஸ்கானர் திரையில் தெரிந்தது. முதற் படம் பாதி வந்து நின்றுவிட்டது. அடுத்த படத்தில் குறுக்கே கிழிந்த கோடுகள். பிறகு ஸ்கானரே காணாமற் போனது. ஒளிக்குழாய் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். மூன்று கிழமை இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் இத்தாலியரை அழைத்தேன். நான் சொல்லி முடிக்க முன்னரே, "கடைசி முனையை மூடினாயா?" என்று கேட்டார்.

விடயம் இதுதான். ஸ்கஸி வரிசையின் இரண்டு முனைகளிலும் முனைமூடி என்ற ஒன்று இருக்க வேண்டும். திறந்த முனைக்குப் போன மின்சமிக்கை, கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் போலத் திரும்பி வரும். வந்து, அடுத்துப் போகும் சமிக்கையோடு மோதிக் குழப்பும். கணினிப் பக்க முனை மூடித்தான் இருந்தது. ஸ்கானரின் முதுகில் இரண்டு ஸ்கஸி வாய்கள் இருந்தன. ஒன்றில் கேபிளைச் செருகி, மற்றதை வெறுமையாக விட்டிருந்தேன். நெருப்புப்பெட்டி அளவான அந்தத் துண்டை அதில் செருகினேன். அதன் பிறகு இயந்திரம் எனக்கு ஒரு குழப்பமும் தரவில்லை. மூன்று கிழமை நான் தேடிய பழுது இயந்திரத்தில் இல்லை, தொடுப்பில்தான் இருந்தது.

யாராவது இதே வேலையில் இறங்கினால் இன்னும் சில விடயங்களை மனதில் வையுங்கள். ஸ்கஸியில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் உண்டு, பூச்சியத்தில் இருந்து ஏழு வரை. ஏழு பெரும்பாலும் கணினிக்குரியது. இரண்டு கருவிக்கு ஒரே இலக்கம் வைக்கக் கூடாது. முதலில் ஸ்கானரைப் போட்டு அது ஆயத்தமான பிறகே கணினியைப் போட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது கேபிளைச் செருகவோ கழற்றவோ கூடாது. பழைய மக்கின் ஸ்கஸி வாய் 25 முனை கொண்டது. அந்தக் காலத்து மற்றக் கணினிகளின் பிறின்ரர் வாயும் பார்வைக்கு அச்சாக அதேதான். மாறிச் செருகினால் கருவி கருகிப்போகலாம். கேபிள்களின் மொத்த நீளம் ஆறு மீற்றரைத் தாண்டக் கூடாது. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. உருளையைத் துடைக்க ஒருபோதும் ஸ்பிரிற் பாவிக்காதீர்கள், அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு விழும். வெடித்த உருளையைச் சுழற்றுவது ஆபத்து. நனைக்கும் எண்ணெய் இலகுவில் தீப்பற்றும். மெல்பேணில் நாற்பது பாகை வெயில் எரிக்கும் நாளில் கராஜுக்குள் அந்தப் போத்தலைத் திறக்கவே வேண்டாம்.

இனி மூன்றாவது வாசல். பழைய மக்கை நேரே இணையத்தோடு தொடுக்கக் கூடாது. அதன் இயங்குதளத்துக்குக் கடைசித் திருத்தம் வந்ததே 2001 டிசம்பரில். அதனால் மகள் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்றை நடுவில் வைத்தார். பழைய மக்கில் இருந்து ஈதர்நெற் கேபிள் அதற்கு வரும். எஃப்ரிபி என்ற பழைய கோப்பு அனுப்பும் முறை இரண்டுக்கும் தெரியும். பிறகு அந்தச் சின்னக் கணினியில் இருந்து வீட்டில் உள்ள எந்தக் கணினிக்கும் படத்தை எடுக்கலாம். பழைய வாசல் வழியாகச் செக்கனுக்கு ஒரு மெகாபைற் அளவில்தான் போகும். இரண்டேகால் அங்குலச் சதுர நெகட்டிவ்வை அங்குலத்துக்கு 2000 புள்ளி வீதம் வாசித்தால் ஒரு கோப்பு 58 மெகாபைற் வரும். அனுப்ப ஒரு நிமிடம், சில வேளை இரண்டு. அந்த நேரத்துக்குள் அடுத்த நெகட்டிவ்வைத் துடைத்து ஆயத்தம் செய்யலாம்.

கோப்பை ரிஃப் வகையில் வைத்தேன். 1992இல் நிலைபெற்ற அந்த வகையை இன்றும் எல்லாக் கணினியும் திறக்கும். பழைய மக்கில் கோப்பின் பெயர் 31 எழுத்தைத் தாண்டக் கூடாது. பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ரிஃப் என்ற வகைப்பெயரை நாமே எழுத வேண்டும், இல்லாவிட்டால் புதிய கணினிக்கு அது என்ன கோப்பென்று விளங்காது. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்வையும் வண்ணமாகவே வாசித்து, பச்சை நிறப் பகுதியை மட்டும் எடுப்பேன். என் இயந்திரத்தில் அதுதான் ஆகத் துப்புரவாக வரும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் இந்த இயந்திரம் தேவையில்லை. உங்கள் நெகட்டிவ் மட்டமாகவும் நல்ல நிலையிலும் இருந்தால், வெளிச்சப் பலகையில் வைத்துக் கிட்டப் படம் எடுக்கும் லென்ஸ் பூட்டிய கமெராவால் எடுத்தாலே வீட்டுத் தேவைக்குத் தாராளம். எனக்கு உருளை தேவைப்பட்டது நெகட்டிவ் சுருண்டிருந்தபடியால். இன்னொரு காரணமும் இருந்தது. அது வேலை தொடங்கிய பிறகுதான் எனக்கே தெரிய வந்தது.

வீட்டு ஸ்கானரில் நெகட்டிவ்வைச் சட்டத்துக்குள் வைக்க வேண்டும். சட்டம் ஓரத்தைக் கொஞ்சம் மறைக்கும். உருளையில் சட்டம் இல்லை. விளிம்பு முதல் விளிம்பு வரை வாசிக்கலாம். பெரியப்பாவின் கமெரா சதுரப் படம் எடுக்கும். ஆனால் ஆட்களுக்குக் கொடுக்கும் படம் நீள்சதுரம். ஆகவே பக்க ஓரங்களை வெட்டித்தான் அச்சிடுவார். முதல் வாரம் வாசித்த படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு பொடியன் முக்காலியில் இருக்கிறான். வலப்பக்க ஓரத்தில் ஒரு கை. வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் பிடித்திருக்கிறது. அடுத்த படத்திலும் அதே கை. பிறகு ஒரு படத்தில் அரைவாசி உடம்பு. பிறகு ஒன்றில் முழுமுகம். குழந்தை ஒன்றைச் சிரிக்க வைப்பதற்காகத் தானும் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு இளம்பெண். என் பெரியம்மா.

யன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும்போது மறு கன்னம் இருட்டாக வரும். அந்தப் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிப்பது அவரின் வேலையாக இருந்திருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் அங்கே நின்றார், ஒவ்வொரு படத்திலும் வெட்டுப்பட்டுப் போனார். வீட்டு அல்பங்கள் போனதில் இருந்து பெரியம்மாவின் இளவயதுப் படம் ஒன்றுகூட எங்கள் குடும்பத்தில் இருக்கவில்லை. அவர் செம்மணி தாண்டித் தூக்கிப் போன ரின்னுக்குள் அவரே இருந்திருக்கிறார்.

2017இல் கைத்தொலைபேசி வழியாக அந்தப் படத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, வீடியோவில் அழைத்தேன். மருமகள் போனைக் கிட்டப் பிடிக்க, பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக் கனநேரம் பார்த்தார். "அந்தக் காலத்திலை அவர் என்னை ஒவ்வொரு படத்திலையும் வெட்டிப் போடுவார்" என்று சிரித்தார். பிறகு, "வேட்டியை நேராய்த்தானே பிடிச்சிருக்கிறன்?" என்று கேட்டார். "நேராய்த்தான் பெரியம்மா" என்றேன். 2019இல் அவர் காலமானபோது வைத்த படம் அதுதான்.

நூற்று எண்பத்துமூன்று நெகட்டிவ்களை வாசித்து முடித்தேன். படலம் கிளம்பிய முப்பத்தொன்றையும் உருளையில் சுற்ற முடியவில்லை. அவற்றில் எத்தனையில் பெரியம்மா நின்றாரோ, தெரியாது. 2004இலேயே நான் தொடங்கியிருந்தால் அவையும் வந்திருக்கும். அன்று ஊரில் இருந்து வந்த ரின்னும் இருந்தது, இயந்திரமும் இருந்தது, அதை ஓட்டத் தெரிந்த நானும் இருந்தேன்.

இந்த வேலையில் நான் படித்ததை மூன்று வார்த்தையில் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, பழைய இயந்திரங்கள் பெரும்பாலும் தாமாகச் சாவதில்லை. அவற்றைச் சுற்றியிருக்கும் தொடுப்புகள்தான் முதலில் சாகின்றன. கேபிள், முனைமூடி, திறப்பு, மென்பொருள் சீடி எல்லாவற்றையும் இயந்திரத்தோடு ஒரே பெட்டியில் வையுங்கள். ஒன்று குறைந்தாலும் மற்றவை வெறும் பாரம். இரண்டாவது, நடுவில் நிற்கும் பாலமும் நிரந்தரம் அல்ல. ஸ்கஸிக்குப் பிறகு ஃபயர்வயர் என்ற வாய் வந்தது, பலர் அதை நம்பிப் பாலம் போட்டார்கள். 2025இல் வந்த மக் இயங்குதளம் அதையும் கைவிட்டுவிட்டது. ஆகவே பாலம் இருக்கும்போதே கடந்துவிட வேண்டும். மூன்றாவது, எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்த ஆளும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. இத்தாலியர் போன வருடம் வரை என் அழைப்புக்குப் பதில் சொன்னார். இப்போது அவருக்கு ஆட்களை அடையாளம் தெரிவதில்லை. நான் ஒரு கொப்பியில் எந்தக் கேபிள் எதில், எதை முதலில் போடுவது, எதைத் தொடக்கூடாது என்று எல்லாம் எழுதி, இயந்திரத்தின் மேல் வைத்திருக்கிறேன். மகளை இரண்டு தரம் தனியே செய்ய விட்டும் பார்த்துவிட்டேன்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ரின்களைத் திறந்து ஒருக்கால் மணந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால், மூடிய ரின்னில் இருந்து எடுத்துக் கடித உறைகளில் தனித்தனியே போட்டு, குளிரான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பிறகு காலம் தாழ்த்தாமல், முடிந்த வழியில் பிரதி எடுங்கள். என் இயந்திரம்தான் வேண்டும் என்றால் நிலையத்தில் சொல்லி வையுங்கள். அது ஓடும் வரைக்கும், எனக்குக் கை ஓடும் வரைக்கும் செய்து தருவேன். வரும்போது ஓரங்களை வெட்டாமல் கொண்டு வாருங்கள்.